கடலுக்கு ஒன்று, மரித்தவர்களுக்கு ஒன்று

ஐப்பசி மழை விழுந்து சவக்காலையில் கல்லறைகளைச் சுற்றிப் புல் முழங்காலளவு எழும்பிவிட்டால் போதும், இன்பமலருக்கு மகனுடைய ஆத்துமாவைப் பற்றிய கவலை வாயை விட்டு இறங்காது. மற்ற மாதங்களில் அது பின்னேரச் செபத்தில் மட்டும் எழும்பி அடங்கும். நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் கிட்டினால் நாள் முழுக்க வெளியே வந்து மருமகள் கிறிஸ்டினின் காதுக்குள் குடியேறிவிடும்.

"பிள்ளை, ஊரெல்லாம் கல்லறைக்கு வெள்ளையடிக்கினம். நாங்கள் என்ன செய்யப்போறம்?"

"எங்களுக்கு அங்க என்ன கிடக்கு மாமி, வெள்ளையடிக்க?"

கிறிஸ்டின் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். காலையில் ஒருமுறை கூட்டிய முற்றம்தான். அவளால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடும். எழும்பினால் கை எதையாவது தேடும். அலுமாரியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளுவாள், அடுத்த கிழமை பழைய இடத்துக்கே கொண்டுவருவாள். அந்த ஒழுங்கையிலேயே மிகச் சுத்தமான வீடு அவர்களுடையது என்று அயலவர்கள் புகழ்வார்கள். அந்தச் சுத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் ஒருவரும் புகழமாட்டார்கள்.

அறுபத்துநாலாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் வந்த புயலைத் திருகோணமலைக் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காற்று கிளம்புவதற்கு முதல்நாள் கிறிஸ்டினின் புருஷன் மைக்கலும் கூட்டாளி சோமசேகரமும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனார்கள். நத்தாருக்கு முன் கடைசி முறை என்று சொல்லித்தான் போனார்கள். சோமசேகரத்தின் உடல் வடக்கே திரியாய் என்ற ஊரின் கரையில் ஒதுங்கியது. அவன் மனைவி குணேஸ்வரி செய்ய வேண்டிய கிரியைகளைச் செய்து, வருஷா வருஷம் திவசம் கொடுத்து, அழவேண்டியதை அழுது முடித்து, இப்போது சந்தையில் மரக்கறி விற்கிறாள். மைக்கல் வரவில்லை. அவனுடைய உடலும் வரவில்லை, வள்ளத்தின் ஒரு பலகையும் வரவில்லை. மூன்று வருஷம் ஆகப்போகிறது.

இதில் என்ன சிக்கல், பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் வேதக்காரர் வீட்டில் பிறக்காதவர்கள். செத்தவனுடைய ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து வேகும். பூமியில் இருப்பவர்கள் பூசை ஒப்புக்கொடுத்து, மெழுகுதிரி கொளுத்தி, செபம் சொன்னால்தான் அதற்கு ஆறுதல். சரி, சொல்லிவிட்டால்? அவன் எங்கேயாவது உயிரோடு இருந்தால், கட்டிய மனைவியே அவனைப் புதைத்ததாக ஆகும். சொல்லாமல் விட்டால்? அவன் செத்திருந்தால், புருஷனை மூன்று வருஷமாக நெருப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் விட்டவளாக ஆகும். இரண்டில் ஒன்று பாவம். எது என்று சொல்லக்கூடியவர் ஆண்டவர் ஒருவர்தான். அவர் வாய் திறக்கவில்லை. கிறிஸ்டினுக்கு அவர்மேல் நல்ல கோபம் இருந்தது. கோபத்தோடேயே ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போனாள்.

பின்னேரச் செபமாலை முடிந்ததும் அந்தக் கரை வீடுகளில் இரண்டு பரலோக மந்திரம் தனியாகச் சொல்லுவார்கள். கடலில் நிற்பவர்களுக்காக ஒன்று, மரித்தவர்களுக்காக ஒன்று. அந்த வீட்டில் சண்டை வருவது அந்த இடத்தில்தான்.

"கடலில நிக்கிற மைக்கலுக்காக," என்று கிறிஸ்டின் தொடங்குவாள்.

"மூண்டு வருஷமா ஒருத்தன் கடலில நிப்பானோ? நீயே சொல்லு. அவன்ரை ஆத்துமா வேகுது பிள்ளை. பெத்த வயிறு, எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நீங்கள் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

"பெஞ்சாதி சொல்லாமத் தாய் சொன்னா ஊர் என்ன கதைக்கும்? சரி, நீதான் மாட்டன் எண்டு நிக்கிறாய். சொல்லு, உன்ரை விருப்பத்துக்குக் கடலுக்கே சொல்லு."

பிறகு இருவரும் சேர்ந்து கடலுக்கான மந்திரத்தைச் சொல்லுவார்கள். மைக்கலின் பெயர் அதோடு முடிந்துவிடும். மரித்தவர்களுக்கான மந்திரத்தில் இன்பமலரின் புருஷன் இருந்தார், மன்னாரில் செத்து மன்னாரிலேயே அடங்கியவர். சோமசேகரத்தைக்கூடச் சேர்த்துக்கொள்வார்கள், அவன் சைவக்காரன் என்றாலும். மைக்கல் மட்டும் இல்லை.

இதற்கிடையில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்திருந்தது. முன்பு யாருடைய ஆத்துமாவுக்காகப் பூசை என்பது குருவான சுவாமிக்கும் ஆண்டவருக்கும் இடையில் போய்விடும். இப்போது கோயில் நிறைந்த சனத்துக்கு விளங்கும்படி "மரித்த இன்னார்" என்று பெயர் சொன்னார்கள். லத்தீனில் அமைதியாகச் செத்துப்போயிருந்தவர்கள் எல்லாரும் தமிழில் இன்னொரு தரம் செத்தார்கள். மாமி தனக்குத் தெரியாமல் சுவாமியிடம் சொல்லி, ஒரு ஞாயிறு "மரித்த மைக்கல்" என்று வந்துவிடுமோ என்று கிறிஸ்டின் பூசை தொடங்கும்போதெல்லாம் வாசல் பக்கம் பார்த்து வைத்துக்கொள்வாள். ஓடுவதற்குத்தான்.

பகலில் ஓர்ஸ் ஹில்லில் ஓர் எஞ்சினியர் வீட்டுக் குசினியில் அவளுக்கு வேலை. அந்த மேட்டிலிருந்து உட்துறைமுகம் தெரியும். மைக்கலின் வள்ளம் போனது ஊரின் மறுபக்கக் கடலால். உட்துறைமுகத்தில் கப்பல்தான் வரும். அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் அரிசி களைந்துகொண்டு பார்ப்பாள், மீன் வெட்டிக்கொண்டு பார்ப்பாள். ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்று எஞ்சினியருடைய பருப்பைக் கரியாக்கிப் பேச்சு வாங்கினாள்.

அந்த ஐப்பசியில் மீன் வியாபாரி றஊப் ஒரு கதை கொண்டுவந்தான். றஊப் நல்ல மனுசன். நல்ல மனுசர் கொண்டுவரும் கதைதான் ஆளைக் கூடுதலாக வருத்தும்.

"தங்கச்சி, பர்மாவில ஒரு ஜெயிலில எங்கட பக்கத்து ஆள் ஒருத்தர் கிடக்கிறாராம். கடலில அள்ளுண்டு போனவராம். கப்பல்காரன் ஒருத்தன் சொன்னான்."

அவ்வளவுதான். அன்று தொடங்கிய ஓட்டம். மைக்கலின் சட்டைகளை எடுத்துத் தோய்த்தாள், காயமுதல் மழை வந்தது, மறுபடி தோய்த்தாள். வேலை முடிந்ததும் இறங்குதுறைக்குப் போய்க் கப்பலில் இருந்து இறங்கும் முகம் தெரியாத ஆட்களை மறித்துப் பர்மா, பர்மா என்று கேட்டாள். சிங்களத்தில் பாதி, கைப்பாஷையில் பாதி. சிலர் சிரித்தார்கள். சாப்பாடு இறங்கவில்லை. இன்பமலரும் அந்தக் கிழமை சவக்காலைக் கதையை எடுக்கவில்லை. "பர்மாவில குளிரோ பிள்ளை?" என்று மட்டும் ஒருநாள் கேட்டாள்.

உண்மையை விசாரித்துக் கொண்டுவந்தவன் பேணாட். இறங்குதுறைக்குப் பக்கத்தில் வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டிக் கழற்றுகிறவன். மனைவி ஞானமலர் காய்ச்சலில் போய் நாலைந்து வருஷம். முன்பெல்லாம் கிறிஸ்டின் அவனைப் "பேணாட் அண்ணை" என்றுதான் கூப்பிடுவாள். சில மாதங்களாக அந்த அண்ணை விழுந்துபோய்விட்டது. அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே கதைத்தாள். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அவன் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் காத்து நின்றான். கையில் கிறீஸ் கறுப்பு.

"அந்தக் கப்பல்காரனைப் பிடிச்சுக் கேட்டனான். பர்மாவில இருக்கிறவர் அறுபது வயசுக் கிழவர். புயலுக்கு முந்தியே பிடிபட்டவராம். எங்கட மைக்கல் இல்லை."

கிறிஸ்டின் வேலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது. கோபப்படுவதற்கு அங்கே வேறு ஆள் இருக்கவில்லை.

"உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

"சந்தோஷப்படுறவன் எண்டா விசாரிச்சிருக்கமாட்டன்."

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இன்னொண்டும் சொல்லவேணும். நான் சுவாமியிட்டக் கேட்டனான். மைக்கல் செத்திட்டார் எண்டு வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டா ஆயருக்கு எழுதலாமாம். நீங்கள் மறுபடி கலியாணம் கட்டலாமோ எண்டு அவையள் விசாரிச்சு முடிவு சொல்லுவினமாம். உங்களை நெருக்கேல்லை. நான் நிண்டுகொண்டிருக்கிறன் எண்டு மட்டும் சொல்லுறன்."

"எனக்கே நிண்டு நிண்டு கால் நோகுது. நீங்களும் ஏன் நிக்கிறியள்?" என்று சொல்லிவிட்டுக் கிறிஸ்டின் விறுவிறென்று இறங்கிப் போய்விட்டாள்.

அவளுக்குப் பேணாட்டைப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன பயன்? பிடித்திருந்ததுதான் வினை. மைக்கல் செத்திருப்பான் என்று மனம் ஒரு கணம் சாய்ந்தாலும், உடனே இன்னொரு மனம் எழும்பி, யாருக்காக அவனைச் சாகடிக்கிறாய் என்று கேட்டது. இருக்கிறான் என்று பிடிவாதமாக நின்றால், உன் பிடிவாதத்துக்கு அவன் நெருப்பில் கிடக்கிறானே என்று அதே மனம் கேட்டது. அன்றிரவு அவள் நித்திரை கொள்ளவில்லை, மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் சுவாமியின் பங்களாவுக்குள் நுழைந்தாள்.

"தோத்திரம் சுவாமி. செத்தவருக்குச் சொல்லுற செபத்தை இருக்கிற ஆளுக்குச் சொன்னாப் பாவமோ?"

சுவாமி புதிதாக வந்தவர், வயது குறைவு. திருநாள் வேலை தலைக்குமேல் கிடந்தது.

"ஆண்டவருக்கு ஆளைத் தெரியும் மகள். ஒரு செபமும் வீண்போகாது," என்றார். நல்ல வார்த்தைதான். சொல்லிவிட்டு மெழுகுதிரிப் பெட்டிகளை எண்ணப் போனார்.

ஆண்டவருக்கு ஆளைத் தெரியும். எனக்கல்லவா தெரியாது, என்று கிறிஸ்டின் மேடு ஏறும்போது உரக்கவே சொன்னாள். எதிரே வந்தவர்கள் விலகி வழி விட்டார்கள்.

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் அவள் களைத்துப்போனாள். பர்மா வரைக்கும் ஓடித் திரும்பிய களைப்பு அது. செபமாலை முடிந்தது. கடலுக்கான மந்திரத்தில் மைக்கலின் பெயரை அவள் சொல்லவில்லை. இன்பமலர் தலை நிமிர்த்திப் பார்த்தாள். அடுத்த மந்திரத்துக்குக் கிறிஸ்டின் வாய் திறந்தாள்.

"மரித்த மைக்கலுக்காக."

சொல்லி முடித்தும் வீடு இடிந்து விழவில்லை. மந்திரத்தின் முன்பாதியைத் தானே சொல்லி, பின்பாதியை மாமி எடுப்பாள் என்று நிறுத்தினாள். மாமி எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிறிஸ்டினே மீதியையும் சொன்னாள். இன்பமலர் செபமாலையைச் சுருட்டி வைத்துவிட்டு, சோறு வேண்டாம் என்று சொல்லிப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையிலும் எழும்பவில்லை. ஆத்துமாக்கள் திருநாள் பூசைக்கு மணி அடித்தது. "மாமி, நேரமாச்சு" என்றதற்குச் சத்தம் இல்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், அது ஆறி ஆடை படிந்தது. கிறிஸ்டினுக்கு வந்த கோபம் சொல்லுந்தரமல்ல.

"என்ன இது? இதைத்தானே மூண்டு வருஷமாக் கேட்டனீங்கள்? ஆத்துமா வேகுது, வேகுது எண்டு என்ரை உயிரை எடுத்தது ஆர்? இப்ப சொன்னாச்சு. இனியும் என்ன வேணும் உங்களுக்கு?"

இன்பமலர் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீ மாட்டன் எண்டு சொல்லுவாய் எண்டுதானே பிள்ளை நான் கேட்டனான்."

கிறிஸ்டினுக்கு விளங்கவில்லை.

"ஒவ்வொரு நாளும் கேப்பன். நீ மாட்டன் எண்டுவாய். அவளுக்கு ஏதோ தெரிஞ்சபடியாத்தானே இப்பிடி நிக்கிறாள், அப்ப இருக்கிறான்போல எண்டு நினைச்சுக்கொண்டு படுப்பன். அதாலதான் எனக்கு நித்திரை வந்தது. இப்ப நீயும் விட்டிட்டாய்."

கிறிஸ்டின் கட்டிலின் ஓரத்தில் இருந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது மாமி, ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. தான் இவ்வளவு காலமும் தூக்கித் திரிந்தது ஒரு ஆளின் பாரம் அல்ல, இரண்டு ஆட்களின் பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதுகு நொந்ததில் என்ன ஆச்சரியம்? சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிறிஸ்டினின் கால் ஆடாமல் ஓர் இடத்தில் இருந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. கிறிஸ்டின் மெழுகுதிரி எடுத்துக்கொண்டு சவக்காலைக்குத் தனியாக வெளிக்கிட்டாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், பின்னால் கொஞ்சத் தூரத்தில் கறுப்புக் குடை ஒன்று வந்துகொண்டிருந்தது. அவள் நின்றால் குடையும் நின்றது. நடந்தால் நடந்தது. மாமிக்குக் கோபம் இருக்கிறதாம், ஆனால் வராமலும் இருக்க ஏலாதாம்.

சவக்காலையில் புல் வெட்டியிருந்தார்கள், கல்லறைகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று நின்றன. மழைக்கு அணையாமல் இருக்கச் சிரட்டைகளைச் சரித்து வைத்து உள்ளே திரி ஏற்றியிருந்தார்கள். பேணாட் ஞானமலரின் கல்லறையில் இருந்தான். கிறிஸ்டின் அவனைத் தாண்டிப் போகாமல் நின்றாள்.

"நான் கொளுத்தப்போற திரி உங்களுக்காக இல்லை," என்றாள்.

"தெரியும்."

"இதால ஆயருக்கு எழுதலாம் எண்டும் இல்லை. எனக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. தெரியாமத்தான் கொளுத்துறன்."

"ஓம்," என்றான் பேணாட். தன் பக்கத்தில் மிச்சமாகக் கிடந்த சிரட்டை ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

நடுவில் பெரிய குருசு ஒன்று இருக்கிறது. தூரத்தில் அடங்கியவர்களுக்கும், எங்கே கிடக்கிறார்கள் என்று தெரியாதவர்களுக்கும் அதன் அடியில்தான் திரி ஏற்றுவார்கள். கடலோரக் கோயில் பங்கு என்றபடியால் அந்த அடியில் கூட்டம் குறைவில்லை. கிறிஸ்டின் சிரட்டையைச் சரித்து வைத்துத் திரியைக் கொளுத்தினாள். கறுப்புக் குடை வந்து பக்கத்தில் நின்றது.

"நான் அந்த மந்திரம் சொல்லமாட்டன்," என்றாள் இன்பமலர். "என்னை வற்புறுத்தாத."

"நீங்கள் சொல்லவேண்டாம். நீங்கள் கடலுக்குச் சொல்லுங்கோ மாமி. நான் மரிச்சவருக்குச் சொல்லுறன். எங்களில ஒராள் பிழையாத்தான் சொல்லுவம். இருக்கட்டும். அவர் எங்க இருந்தாலும் அவருக்கெண்டு ஒராள் இருக்கும்."

குடையிலிருந்து தண்ணீர் இருவருடைய தோளிலும் வடிந்தது.

"நாளைக்கு அவன் வந்து நிண்டானெண்டா?"

"வந்து என்னை ஏசட்டும். வாங்கிக்கொள்ளுறன்."

"தாய்க்காரி மட்டும் நம்பினவ எண்டு சொல்லுவான்."

"சொல்லட்டும் மாமி."

மாமி சொன்னது கிறிஸ்டினுக்குச் சுட்டது. ஊரும் அதைத்தான் சொல்லும்; பேணாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லும். தாயால் தூக்க முடியாத பாதியை யாரோ ஒருவர் தூக்கத்தானே வேண்டும். அவள் ஈர மண்ணில் முழங்காலில் இருந்தாள். இன்பமலர் குடையை மடக்கி வைத்துவிட்டு, ஒரு கையால் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

"கடலில நிக்கிற மைக்கலுக்காக," என்றாள் இன்பமலர்.

"மரித்த மைக்கலுக்காக," என்றாள் கிறிஸ்டின்.

பெயரைச் சொன்ன பிறகு இரண்டும் ஒரே பரலோக மந்திரம்தான். ஒரே சொற்கள், ஒரே இடத்தில் மூச்சு. இருவரும் சேர்ந்தே சொன்னார்கள், சேர்ந்தே முடித்தார்கள். மரித்தவர்களுக்கு மட்டும் அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நித்திய இளைப்பாற்றியைக் கேட்டுச் சொல்லும் செபம். கிறிஸ்டின் அதைத் தனியாகத் தொடங்கினாள்.

தோளில் இருந்த கை இறுகியது.

"மெல்லச் சொல்லு பிள்ளை," என்றாள் இன்பமலர். "எனக்குக் கேக்கக் கூடாது."

கிறிஸ்டின் குரலைத் தாழ்த்தினாள். கை விடவில்லை. இன்னும் தாழ்த்தினாள். கடைசியில் சத்தத்தை முழுவதும் நிறுத்தி, உதட்டை மட்டும் அசைத்து அந்தச் செபத்தைச் சொல்லி முடித்தாள்.